எழுதாத தேர்வுக்கு இட்ட தரம்

தேர்வு எழுதாத மாணவர் ஒருவருக்குத் தரம் வழங்குதல் இயலுமா? 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இங்கிலாந்தில் இலட்சக்கணக்கான மாணவர்களுக்கு அவ்வாறே வழங்கப்பெற்றது. அத்தரத்தை இறுதியாக நிருணயித்தவர் அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர் அல்லர். விடைத்தாள் திருத்தும் தேர்வாளரும் அல்லர். தேர்வுகளை ஒழுங்குபடுத்தும் அரசு நிலையம் ஒன்று வகுத்த கணக்கீட்டு நெறியே அதனை நிருணயித்தது. இது முறையா என்று வீதியில் நின்று வினவியோர் பதினேழும் பதினெட்டும் வயது நிரம்பிய அம்மாணவர்களே. ஒரு வாரம் கழியுமுன் அரசு தன் முடிவைக் கைவிட நேர்ந்தது. அவ்வினாவின் விஞ்ஞானப் பொருள் யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பின் முடிவில் மாணவர்கள் எழுதுவது ‘ஏ லெவல்’ என்னும் தேர்வாகும். பெரும்பாலோர் மூன்று பாடங்களையே எடுத்துக்கொள்வர். ஏ முதல் ஈ வரை ஐந்து தரங்கள் தேர்ச்சிக்கு உரியவை, ஏ-க்கு மேலே ஏ-நட்சத்திரம் என ஒரு சிறப்புத் தரம் உண்டு, தேறாதோர்க்கு யு. பல்கலைக் கழகங்கள் தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன்னரே மாணவர்களைத் தெரிந்தெடுத்து, ‘இன்னின்ன தரம் பெற்றால் உமக்கு இடம் உண்டு’ என்று நிபந்தனையுடன் வாக்களிக்கின்றன. ஆகவே ஆகஸ்டில் வெளிவரும் ஓர் எழுத்து, ஒருவர் மருத்துவராவதா, வேறு தொழிலை நாடுவதா என்பதைத் தீர்மானித்துவிடும். மூன்று எழுத்துக்களில் வாழ்க்கை அடங்கியிருக்கிறது என்று கூறினும் மிகையாகாது.

கொரோனாத் தொற்றின் காரணமாக அவ்வாண்டின் தேர்வுகள் நடைபெறா என 2020 மார்ச்சு 18-ஆம் நாள் அரசு அறிவித்தது. ஆனால் தரங்கள் வழங்கப்பட்டே ஆகவேண்டும்; அவை முந்திய ஆண்டுகளின் தரங்களோடு ஒத்த மதிப்புடையனவாகவும் இருத்தல் வேண்டும். இப்பணி ‘ஆஃப்குவால்’ எனப்படும் ஒழுங்குமுறை நிலையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. எளிய பணி அன்று என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களின் மதிப்பீட்டை அப்படியே ஏற்பது ஒரு வழி. ஆயின் ஆசிரியர்கள் தம் மாணவர்பால் சற்றுத் தாராளமாக இருப்பது இயல்பு. பத்துப் பேர் ஏ பெறும் தகுதியுடையோராக ஆசிரியர் கண்ணுக்குத் தோன்றலாம். அவருள் மூவர் தேர்வு நாளன்று ஏதேனும் ஒரு காரணத்தால் தவறிவிடுவர். எந்த மூவர் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாததால் ஆசிரியர் பதின்மருக்கும் ஏ இடுவார். இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. ஆயினும் நாடு முழுவதற்கும் கூட்டிப் பார்க்குங்கால் உயர்தரம் பெற்றோர் தொகை திடீரெனப் பெருகி நிற்கும். முந்திய ஆண்டு தேறியவர்க்கும் அடுத்த ஆண்டு எழுதப் போகின்றவர்க்கும் அது அநீதியாகும். இவ்வச்சமே கணக்கீட்டு நெறியை நாடச் செய்தது.

‘அல்காரிதம்’ என்னும் சொல்லையே ‘கணக்கீட்டு நெறி’ என இங்கு வழங்குகிறோம். அச்சொல்லின் வரலாறு சுவையானது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்னும் கணித அறிஞர், இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையை விளக்கி நூல் ஒன்று இயற்றினார். பிற்காலத்தில் அந்நூல் இலத்தீன் மொழியிற் பெயர்க்கப்பெற்றபோது ஆசிரியரின் பெயரே திரிந்து முறையின் பெயராயிற்று. மொழிபெயர்ப்பாளர் கையில் மனிதர் மறைந்து முறை மட்டும் எஞ்சிய கதை இது. எம் போன்றோர் தொழிலுக்கு இது பெருமையா, சிறுமையா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்வார்களாக.

நெறி இயங்கிய விதம்

ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு பாடத்திற்கும் இரு விவரங்களை அனுப்புமாறு கேட்கப்பட்டது. முதலாவது, தேர்வு நடந்திருந்தால் மாணவர் எத்தரம் பெற்றிருப்பார் என்னும் ஆசிரியரின் மதிப்பீடு. இரண்டாவது, அப்பாடம் பயிலும் மாணவர் அனைவரையும் திறமையின்படி முதல்வர் தொடங்கிக் கடையர் வரை நிறுத்திய வரிசை. இருவரை ஒரே படியில் வைத்தல் கூடாது. நூற்றுக்கணக்கானோர் ஒரே பாடத்தைப் பயிலும் பெரிய கல்லூரியில், எழுபத்தோராம் மாணவருக்கும் எழுபத்திரண்டாம் மாணவருக்கும் என்ன வேற்றுமையை ஆசிரியர் கண்டிருக்கக் கூடும் என்பது தெரியவில்லை.

இனி, ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு பள்ளியில் பௌதிகம் பயில்வோர் இருபதின்மர் எனக் கொள்க. அப்பள்ளியில் 2017, 2018, 2019 ஆகிய மூன்றாண்டுகளிலும் பௌதிகம் எழுதியோரைச் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்குப் பதின்மர் ஏ-யும், முப்பதின்மர் பி-யும், நாற்பதின்மர் சி-யும், இருபதின்மர் டி-யும் பெற்றிருக்கின்றனர் என்க. இவ்விகிதத்தை இவ்வாண்டின் இருபதின்மர்மீது பொருத்தினால் இருவர்க்கு ஏ, அறுவர்க்குப் பி, எண்மர்க்குச் சி, நால்வர்க்கு டி என்றாகும். பின்னர் வரிசைப் பட்டியலை எடுத்து, முதல் இருவர்க்கு ஏ, மூன்றாமவர் முதல் எட்டாமவர் வரை பி, என இறக்கிக்கொண்டு போகவேண்டியதே. இவ்வாண்டின் மாணவர்கள் தம் பதினாறாம் வயதில் எழுதிய ஜி.சி.எஸ்.இ. தேர்வில் முந்திய மாணவர்களைவிடச் சிறந்து விளங்கியிருந்தால் விகிதம் சற்று மேல்நோக்கித் திருத்தப்படும். தாழ்ந்திருந்தால் கீழ்நோக்கித் திருத்தப்படும். நாடு முழுவதற்கும் தரங்களின் விகிதம் முந்திய ஆண்டுகளை ஒட்டி அமையும் பொருட்டு வேறு சில திருத்தங்களும் உண்டு. நெறியின் சாரம் இவ்வளவே.

இதில் வாசகர்கள் ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்று உண்டு. மேற்கூறிய வகுப்பில் மூன்றாம் இடத்தில் நிற்கும் மாணவியை எடுத்துக்கொள்வோம். அவர் பெற்றது பி. அவர் எழுதிய கட்டுரையோ, செய்த சோதனையோ, ஆசிரியர் மிகுந்த சிந்தனையுடன் அவருக்கு இட்ட தரமோ இக்கணக்கில் எவ்விடத்தும் நுழையவில்லை. நுழைந்தவை, அவரை அறியாத முன்னோர் பெற்ற தரங்களும், உடன் பயில்வோர் அனைவரும் சேர்ந்து ஈராண்டுக்கு முன் பெற்ற தரங்களும், வரிசையில் அவர் நின்ற இடமுமே. அவர் ஏ பெறவேண்டுமாயின் பக்கத்து இருக்கை மாணவர்கள் பதினாறாம் வயதில் இன்னும் நன்றாக எழுதியிருக்க வேண்டும். மூன்றாண்டுகளாக எவரும் ஏ-நட்சத்திரம் பெறாத பள்ளியில் ஒரு மேதை பிறந்திருந்தால், அவரைக் காணும் கண் இந்நெறிக்கு இல்லை எனலாம். மறுபுறம், சென்ற ஆண்டுகளில் சிலர் தவறிய பள்ளியாயின் இவ்வாண்டும் கடைசியில் நிற்போர் சிலர் தவறியாக வேண்டும். எழுதாத தேர்வில் தோல்வியுறுதல் என்பது அதுகாறும் கேட்டறியாத ஒன்று.

சிறு வகுப்புக்களுக்கு இக்கணக்கு பொருந்தாது என்பதை நிலையம் அறிந்தே இருந்தது. நால்வரை வைத்துக்கொண்டு நூற்றுவிகிதம் பேசுதல் இயலாதன்றோ? ஆகவே ஏறத்தாழ ஐவரும் அதற்குக் குறைந்தோரும் பயிலும் வகுப்புக்களில் ஆசிரியரின் மதிப்பீடே ஏற்கப்பட்டது. ஐந்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட வகுப்புக்களில் இரண்டும் கலக்கப்பட்டன. அதற்கு மேற்பட்டால் நெறியே முடிவு. புள்ளியியல் நோக்கில் இது தக்க விதியே. ஆனால் சிறு வகுப்புக்கள் எங்கே மிகுதி? கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளிலே. ஆசிரியரின் தாராளம் அங்கே தங்கியது. அரசினர் கல்லூரிகளில் வெட்டப்பட்டது. ஏ-யும் அதற்கு மேலும் பெற்ற தரங்களின் விகிதம் முந்திய ஆண்டைவிடத் தனியார் பள்ளிகளில் 4.7 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. பதினாறு வயதுக்கு மேற்பட்டோர் பயிலும் அரசு உதவிபெறும் கல்லூரிகளில் உயர்வு 0.3 புள்ளி மட்டுமே. எவரும் இதனை வேண்டுமென்றே திட்டமிடவில்லை. குற்றமற்ற விதி ஒன்று சமூகத்தின் மேடுபள்ளங்களின்மீது பாய்ந்தபோது வெள்ளம் பள்ளத்திலேயே தேங்கிற்று.

கூட்டமும் தனி மனிதரும்

ஆயுள் இன்சூரன்சு நிறுவனங்களிடம் மரண விகித அட்டவணை என ஒன்று உண்டு. குறிப்பிட்ட வயதுடைய ஆயிரம் பேரில் ஓராண்டில் எத்தனை பேர் இறப்பர் என்பதை அது பெரும்பாலும் சரியாகக் கூறிவிடும். யார் யார் என்பதை ஒருபோதும் கூறாது. கூறுவதாகப் பாசாங்கு செய்வதும் இல்லை. நம் நாட்டில் 1956-இல் தேசியமயமான ஆயுள் இன்சூரன்சுத் தொழில் முழுவதும் இவ்வறிவின்மீதே நிற்கிறது. ஆயினும் அட்டவணையைப் பார்த்து எவருக்கும் மரணச் சான்றிதழ் வழங்கப்படுவதில்லை!

2020-இல் இங்கிலாந்தில் நிகழ்ந்தது ஏறத்தாழ அதுவே. நாடு முழுவதற்கும் எத்தனை ஏ, எத்தனை பி என்ற வினாவுக்கு நெறி தந்த விடை நல்ல விடை. ஆண், பெண், இனம் ஆகியவற்றின்படி பகுத்து நோக்கியும் முந்திய ஆண்டுகளுக்கு மாறான சாய்வு எதனையும் காணவில்லை என நிலையம் தன் அறிக்கையிற் கூறிற்று. கூட்டங்களை நிறுக்கும் தராசு அது. அதே தராசில் தனி ஒருவரை ஏற்றி, இதோ உன் நிறை என்று சீட்டுக் கொடுத்ததே பிழை. கணிப்பொறி எதிலும் தவறவில்லை. காகிதமும் எழுதுகோலும் கொண்டு பள்ளி எழுத்தர் ஒருவர் பொறுமையுடன் செய்யத்தக்க கணக்குத்தான் இது. வினா மாறிப்போயிற்று என்பதே குறை.

இத்தகைய கருத்துக்களை எடுத்துரைக்க வல்லுநர்கள் இல்லாமற் போகவில்லை. அரசர் புள்ளியியல் கழகம், அந்நாளில் அரசியார் காலமாதலால் அரச நிலையினது என்க, தன் உறுப்பினர் இருவரை ஆலோசனைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுமாறு 2020 ஏப்ரலிலேயே எழுதிற்று. சேர வேண்டுமாயின் ஐந்தாண்டுகளுக்கு மறைபொருள் காக்கும் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும் என்றது நிலையம். கழகம் அதற்கு இசையவில்லை. ஆதலின் நெறியின் முழு விவரம் வெளிவந்தது தரங்கள் வெளிவந்த அன்றுதான். விஞ்ஞானத்தில் ஒரு முடிவைப் பிறர் சோதித்துப் பார்க்குமுன் அதனை உண்மையெனக் கொள்வதில்லை. இங்கோ மாணவர்களே சோதனைப் பொருளாயினர்.

ஆகஸ்டின் இரு வாரங்கள்

முதலில் ஸ்காட்லாந்து. அங்கே தேர்வுமுறை வேறு. ஆயினும் பள்ளியின் பழைய வரலாற்றைக் கொண்டு திருத்துவது அங்கும் கையாளப்பட்டது. ஆகஸ்டு 4-ஆம் நாள் முடிவுகள் வெளியாயின. ஏறக்குறைய 1,25,000 தரங்கள் குறைக்கப்பட்டிருந்தன. ‘ஹயர்’ என்னும் தேர்வில், மிக வறிய பகுதிகளைச் சேர்ந்தோரின் தேர்ச்சி ஆசிரியர் மதிப்பீட்டினின்று 15.2 புள்ளிகள் இறங்கிற்று. மிகச் செழித்த பகுதிகளில் இறக்கம் 6.9 புள்ளிகளே. கிளாஸ்கோ நகரின் ஜார்ஜ் சதுக்கத்தில் மாணவர்கள் திரண்டனர். என் உழைப்பைப் பார்த்து மதிப்பிடுக, என் தபால் வட்டத்தைப் பார்த்து அன்று என்பது அவர்கள் ஏந்திய அட்டைகளின் சாரம். ஒரு பக்கப் புள்ளியியல் விமரிசனம் ஓர் அட்டையில் அடங்கிவிட்டது எனலாம். ஆகஸ்டு 11-இல் ஸ்காட்லாந்து அரசு ஆசிரியர் மதிப்பீட்டையே ஏற்றது.

இரு நாள் கழித்து இங்கிலாந்தின் முடிவுகள் வந்தன. ஏறத்தாழ 7 இலட்சம் தரங்களில் 58.7 விழுக்காடு ஆசிரியர் இட்டபடியே நின்றன, 2.2 விழுக்காடு உயர்ந்தன, 39.1 விழுக்காடு தாழ்ந்தன. பெரும்பாலும் ஒரு படியே இறக்கம். ஆயினும் 3.3 விழுக்காடு இரு படியும், 0.2 விழுக்காடு மூன்று படியும் வீழ்ந்தன. 0.2 என்பது எழுதப் பார்க்கச் சிறிய எண்ணாகத் தோன்றும். ஏழு இலட்சத்தில் அது 1,400.

தரம் தாழ்ந்தோருள் ஒரு மாணவியைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. ஓராண்டுக்கு முன்னர் அவர் ஒரு சிறுகதை எழுதி இளைஞர்க்குரிய பரிசு பெற்றிருந்தார். மாணவர்களை அவரவர் பிறந்த வகுப்பின்படி அடுக்கடுக்காகப் பிரித்துவைக்கும் கணக்கீட்டு நெறி ஒன்று ஆளும் எதிர்கால சமுதாயம் அக்கதையின் பொருள். 2020-இல் அவருக்கு ஆங்கிலப் பாடத்தில் ஏ, பி ஆயிற்று. பல்கலைக் கழகமும் முதலில் இடமில்லை என்றது. தான் எழுதிய கதைக்குள் தானே விழுந்துவிட்டதாக அவர் கூறினார். ஆருடம் கணித்தார் எனச் சிலர் வியந்தனர். வியப்பதற்கு இல்லை. பள்ளியின் பெயர் மாணவரின் தலையெழுத்தாவதை நாள்தோறும் கண்டவர் அவர். கதையில் அதற்கு ஓர் இயந்திரத்தைப் பூட்டினார். நாடும் அவ்வாறே பூட்டிற்று.

இலண்டனில் கல்வி அமைச்சகத்தின் முன்னும் பாராளுமன்றத்தின் எதிரிலும் மாணவர்கள் கூடிக் கணக்கீட்டு நெறியின் பெயரைச் சொல்லியே வசை முழங்கினர். வரிக்கும் விலைவாசிக்கும் எதிராகக் கூட்டம் கூடியது உண்டு. கணித முறை ஒன்றுக்கு எதிராகக் கூடியது அரிது. மேற்கு இலண்டனைச் சேர்ந்த பதினெட்டு வயது மாணவர் ஒருவர் ‘ஃபாக்ஸ்குளவ்’ என்னும் சட்ட உதவி அமைப்பின் துணையுடன் வழக்குத் தொடுக்க முனைந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் வூஸ்டர் கல்லூரி, தான் வாக்களித்த உள்நாட்டு மாணவர் எவரையும் தரம் பாராமலே சேர்ப்பதாக அறிவித்தது. ஆகஸ்டு 17-ஆம் நாள் மாலை, நெறி தந்த தரம், ஆசிரியர் தந்த தரம் ஆகிய இரண்டில் எது உயர்ந்ததோ அதுவே நிற்கும் என அறிவிக்கப்பட்டது. கதை எழுதிய மாணவிக்கும் இடம் கிடைத்தது. நிலையத்தின் தலைமை அதிகாரி ஆகஸ்டு 25-இல் பதவி விலகினார். மறுநாள் பள்ளி ஒன்றில் பேசிய பிரதமர் ஜான்சன், விகாரமடைந்த கணக்கீட்டு நெறியே குழப்பத்துக்குக் காரணம் என்றார். இது பொருத்தமாகத் தோன்றவில்லை. நெறி விகாரம் எதுவும் அடையவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது. அதன்மீது பழி சுமத்துதல், கல் எறிந்தவன் கல்லைக் கடிந்துகொள்வது போலாகும்.

வழக்குத் தொடுக்க முனைந்த மாணவர் எடுத்துக்காட்டியவற்றுள் ஒரு சட்டப் பிரிவு உண்டு. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியின் 22-ஆம் உறுப்பு, ஒருவர் வாழ்வைப் பெரிதும் பாதிக்கும் முடிவை மனிதர் தலையீடின்றித் தன்னியக்க முறையால் மட்டும் எடுத்தல் ஆகாது என்கிறது. நிலையமோ, வரிசையிட்டவர் ஆசிரியர். ஆகவே இது தன்னியக்க முடிவன்று என்றது. மனிதர் ஒருவர் எங்கோ ஒரு மூலையில் பங்கு கொண்டிருந்தாற் போதுமா? அன்றி, முடிவை மாற்றும் ஆற்றல் அவருக்கு இருத்தல் வேண்டுமா? அரசு பின்வாங்கியதால் நீதிமன்றம் இதற்கு விடை கூறும் வாய்ப்பு நேரவில்லை. 2025-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய தரவுச் சட்டம், தன்னியக்க முடிவுகளின் மீதிருந்த தடையைத் தளர்த்தி, அறிவிப்பு, மனிதர் தலையீட்டைக் கோருதல், மறுப்புத் தெரிவித்தல் முதலிய காப்புக்களை நிபந்தனையாக வைத்தது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டுத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 22-ஆம் உறுப்பைப் போன்ற உரிமை இல்லை. ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தரவு முழுமையும் சரியும் முரணின்மையும் உடையதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் அது விதிக்கிறது. மேற்கூறிய பௌதிக வகுப்பின் தரவு அனைத்தும் முழுமையும் சரியும் உடையதே என்பதை வாசகர்கள் நினைவுகூர்க.

ஆசிரியர் மதிப்பீடு திரும்பியதால் எல்லாம் நலமாயிற்று என்று கூறவும் இயலாது. 2021-இலும் தேர்வு நடைபெறவில்லை. நெறிகளைவிட ஆசிரியர்களையே நம்புவோம் என்றது அரசு. அவ்வாண்டு பிரிட்டனில் வழங்கப்பெற்ற ஏ லெவல் தரங்களில் 44.8 விழுக்காடு ஏ-யும் அதற்கு மேலும் ஆகும். 2019-இல் அது 25.4. பழைய நிலைக்கு ஏறக்குறையத் திரும்ப 2023 வரை பிடித்தது, அப்போது 27.2. நெறியை வகுத்தோர் அஞ்சியது வீண் அச்சம் அன்று என்பதற்கு இவ்வெண்களே சான்று.

நம் நாட்டிலும் இவ்வினா எழுந்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு 2021 ஜூன் 1-ஆம் நாள் இரத்தாயிற்று. வாரியம் வகுத்து உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்த முறையில், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 30 விழுக்காடு, பதினொன்றாம் வகுப்புக்கு 30, பன்னிரண்டாம் வகுப்பின் பள்ளித் தேர்வுகளுக்கு 40 என எடையிடப்பட்டது. பள்ளியின் பழைய வரலாறு இங்கும் நுழைந்தது: முந்திய மூன்றாண்டுகளில் எது மிகச் சிறந்ததோ அவ்வாண்டே அளவுகோல். ஆயினும் தொடக்கம் அம்மாணவர் தம் கையால் எழுதிய தாள்களே. பள்ளிதோறும் கணக்கிட்டவர் ஆசிரியர் குழுவினர், அவருள் இருவர் அண்டைப் பள்ளிகளைச் சேர்ந்தோர். ஜூலை 30-இல் வெளியான முடிவில் 99.37 விழுக்காட்டினர் தேறினர், 2019-இல் 83.4 விழுக்காட்டினரே தேறியிருந்தனர். இவ்வுயர்வைக் குறித்துக் கல்லூரிகள் முணுமுணுத்தது உண்மையே. கணக்கிட்ட மதிப்பெண் தமக்குப் பொருந்தாது எனக் கருதிய மாணவர்களுக்கு வாரியம் மற்றொரு வழியும் விட்டிருந்தது: விரும்பியோர் பெயர் பதிவு செய்துகொண்டு, தொற்றின் வேகம் தணிந்தபின் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மண்டபத்தில் அமர்ந்து தேர்வு எழுதினர்.